சோபாவில் பூத்த சோழமண்டலப் பூ

என் அக்காள் மகள் கோலாலம்பூரில் ஒரு கல்லூரியில் உள் அலங்கார வடிவமைப்பு படிக்கிறாள். சென்ற பருவத்தில் அவளுக்கு ஓர் இடுபணி கொடுத்திருந்தார்கள். மலேசியாவில் ஏதாவது ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்து, அங்குள்ள பழைய கட்டடங்களின் உள் அலங்காரப் பாணியை விளக்க வேண்டும். அவள் கேமரன் மலையைத் தேர்ந்தெடுத்தாள். கார் ஓட்டுவதற்கும், சாப்பாட்டுக்குக் காசு கொடுப்பதற்கும் துணைக்குப் போனவன் நான்.

தாப்பாவிலிருந்து மலையேறி, ரிங்லெட்டைக் கடந்து, தானா ராத்தா வந்து சேர்ந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. அங்கிருந்து பிரிஞ்சாங் போகும் வழியில் கோல்ஃப் திடலின் ஓரமாக ஸ்மோக்ஹவுஸ் தங்கும் விடுதி இருக்கிறது. கேமரன் மலைக்குச் சுற்றுலா போன மாணவர்கள் பேருந்திலிருந்தாவது அதைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளைச் சுவரில் கறுப்பு மரச்சட்டங்கள், புகைபோக்கி, சுற்றிலும் பூந்தோட்டம். 1937ஆம் ஆண்டு கட்டப்பட்டது. வெயிலில் வாடிய வெள்ளைக்காரர்கள் சொந்த ஊர் நினைவில் வந்து தங்குவதற்கென்றே இங்கிலாந்துக் கிராமத்து வீடு ஒன்றை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து வைத்ததுபோல் இருக்கும். உள்ளே கணப்பு அடுப்பு, பித்தளைச் சாமான்கள், பூப்போட்ட துணி போர்த்திய சாய்வு நாற்காலிகள்.

மருமகள் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள், படம் எடுத்தாள். பிறகு தேநீரும் ஸ்கோனும் வரும்வரை மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வரி எழுதினாள். எட்டிப் பார்த்தேன். ‘பூப்போட்ட துணி அலங்காரம் இங்கிலாந்து கேமரன் மலைக்குக் கொடுத்த கொடை’ என்று ஆரம்பித்திருந்தாள்.

“இந்தத் துணிக்கு என்ன பெயர்?” என்று கேட்டேன்.

“சின்ட்ஸ், மாமா. முதல் பருவத்திலேயே படித்தோம்.”

“தமிழில்?”

“இதற்குப் போய்த் தமிழில் ஏது பெயர்?”

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது. பெயர் இருக்கிறது. நம் பாட்டிமார் சொன்ன பெயர்தான் அது: சீட்டி.

பெயரைப் பிடித்துக்கொண்டு போனால்

பூவும் கொடியும் அச்சிட்ட பருத்தித் துணியைச் சீட்டித் துணி என்பார்கள். சீட்டிப் பாவாடை என்ற சொல்லை உங்கள் வீட்டில் வயதானவர்கள் யாராவது சொல்லிக் கேட்டிருக்கலாம். இலங்கைத் தமிழர்கள் இதையே சீத்தை என்கிறார்கள். இந்தியில் ‘சீண்ட்’ என்றால் தெளித்த புள்ளி, தெறித்த துளி. அந்தச் சொல்லை ஆங்கிலேய வணிகர்கள் எடுத்துக்கொண்டு, பன்மைக்கு ஓர் எழுத்துச் சேர்த்து ‘சின்ட்ஸ்’ ஆக்கினார்கள். காலப்போக்கில் அது பன்மை என்பதே மறந்துபோய், ஒருமையாகவே நின்றுவிட்டது. டச்சுக்காரர்கள் ‘சிட்ஸ்’ என்றார்கள். மலாய்மொழியில் பூப்போட்ட பருத்தித் துணிக்கு ‘காயின் சீத்தா’ என்று பெயர். எல்லாம் ஒரே குடும்பத்துச் சொற்கள்.

மலாய்மொழி இன்னொரு சாட்சியத்தையும் வைத்திருக்கிறது. ஆண்கள் தொழுகைக்கும் வீட்டிலும் உடுத்தும் கட்டம்போட்ட சாரோங்குக்குக் ‘காயின் பெலேகாட்’ என்று பெயர். பெலேகாட் என்பது சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காடு. ஐரோப்பியர் வாயில் புலிக்காட் ஆன அதே ஊர். தமிழக, ஆந்திரக் கடற்கரைத் துணி இந்த மண்ணுக்கு எவ்வளவு பழக்கமானதாக இருந்தால், ஊரின் பெயரே உடையின் பெயராகியிருக்கும்!

வெள்ளைக்காரர் வருவதற்கு முன்பே மலாக்காவின் சந்தையில் இந்தத் துணிகள் விற்றன. 1512ஆம் ஆண்டுக்குப் பின் சில காலம் மலாக்காவில் இருந்த போர்த்துகீசியரான தோமே பிரேஸ், அங்கு வந்த வணிகர்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். சோழமண்டலக் கரையிலிருந்து துணி கொண்டுவந்தவர்கள் அதில் முக்கியமானவர்கள். அன்றைய கணக்கு எளிது. இந்தோனேசியத் தீவுகளில் கிராம்பு, சாதிக்காய், மிளகு இருந்தன. அந்தத் தீவு மக்கள் ஐரோப்பாவின் கம்பளியைச் சீண்டவில்லை. அவர்கள் கேட்டது சோழமண்டலத்துத் துணி. ஆகவே மசாலா வாங்க வேண்டுமென்றால் முதலில் துணி வாங்க வேண்டும். 1612ஆம் ஆண்டு டச்சு அதிகாரி ஹென்ட்ரிக் பிரவுவர், சோழமண்டலக் கரை மொலுக்காஸ் தீவுகளின் இடது கை என்று வருணித்தது இதனால்தான். பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி உட்கார்ந்ததும் இதனால்தான்.

வேதியியல் மாணவர்கள் கவனிக்க

இந்தத் துணியில் அப்படி என்ன இருந்தது? அழகான பூக்கள் எங்கும் உண்டு. இதன் பெருமை, துவைத்தாலும் போகாத நிறம்.

கம்பளியும் பட்டும் விலங்குப் புரதம். சாயம் எளிதில் பிடிக்கும். பருத்தி அப்படி அல்ல. அது செல்லுலோஸ். சாயத்தில் முக்கி எடுத்தால் நிறம் ஏறும், அடுத்த துவையலில் ஓடிவிடும். சாயத்துக்கும் நூலுக்கும் நடுவே இரண்டையும் பிடித்துக்கொள்ளும் ஓர் உலோக உப்பு வேண்டும். படிகாரத்தில் உள்ள அலுமினியம் அந்த வேலையைச் செய்கிறது. இதை மசூலிப்பட்டினம், பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம் என நீண்டு கிடந்த அந்தக் கரையின் சாயக்காரர்கள் பல நூற்றாண்டுகளாக அறிந்திருந்தார்கள். ஐரோப்பியச் சாயக்காரர்கள் கம்பளிக்கும் பட்டுக்கும் சாயம் ஏற்றுவதில் கெட்டிக்காரர்கள்தான். ஆனால், பருத்தியில் இப்படி வண்ணப்பூ எழுதி, அதைச் சாயம் போகாமல் நிறுத்தும் வழி அவர்களுக்கு வெகுகாலம் பிடிபடவில்லை.

ஒரு சீட்டித் துணி உருவாகும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெளுத்த துணியைக் கடுக்காய்ச் சாறும் எருமைப் பாலும் கலந்த நீரில் ஊறவைத்துக் காயப்போடுவார்கள். கடுக்காயில் உள்ள துவர்ப்புப் பொருள் நூலில் ஏறிக்கொள்ளும். பாலின் கொழுப்பு, பிறகு வரையும் கோடுகள் பரவி வழியாமல் தடுக்கும். தாளில் வரைந்த பூவை ஊசியால் குத்தித் துளைகள் போட்டு, துணிமேல் வைத்துக் கரித்தூளைத் தட்டினால் புள்ளிக்கோடாக உருவம் விழும். அதன்மேல் மூங்கில் குச்சியால் எழுதுவார்கள். குச்சியின் நடுவே மயிரோ கம்பளியோ சுற்றிய உருண்டை இருக்கும். அது சாயத்தைக் குடித்துக்கொண்டு, விரலால் அழுத்த அழுத்தச் சொட்டும். பாரசீக மொழியில் கலம் என்றால் எழுதுகோல். கலம்காரி என்ற பெயர் அங்கிருந்து வந்தது.

கறுப்புக் கோட்டுக்கு, வெல்லத்தில் பழைய இரும்பைப் போட்டுப் புளிக்கவைத்த நீர். அது கடுக்காய் ஏறிய துணியில் பட்டவுடன் கறுக்கும். சிவப்பு வரவேண்டிய இடத்தில் படிகார நீரை மட்டும் பூசுவார்கள். அப்போது அங்கே சிவப்பே இருக்காது. பிறகு துணி முழுவதையும் சாயவேர் போட்ட கொப்பரையில் வேகவைத்து எடுத்தால், படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவந்து நிற்கும். மற்ற இடத்தில் ஒட்டிய சாயம், சாணநீரில் அலசி வெயிலில் போட்டால் வெளுத்துப்போகும். சாயவேர் மணற்பாங்கான கரையோரச் செடி. இலங்கையின் யாழ்ப்பாணம், மன்னார் பகுதிகளிலும் இதைத் தோண்டி எடுத்தார்கள்.

நீலத்துக்கு வேறு வழி. நீலம் வரவேண்டிய இடத்தை விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் மெழுகு பூசி, அவுரித் தொட்டியில் முக்க வேண்டும். பிறகு வெந்நீரில் மெழுகை உருக்கி எடுக்க வேண்டும். கிளந்தானிலும் திரங்கானுவிலும் பாத்தேக் செய்பவர்களைப் பார்த்தவர்களுக்கு இந்த மெழுகு வேலை உடனே புரியும். கடைசியில் மஞ்சளைத் தொட்டு வைப்பார்கள். நீலத்தின்மேல் மஞ்சள் பட்டால் பச்சை.

அந்த மஞ்சள்தான் இந்தக் கலையின் பலவீனம். அது வெளிச்சத்தில் மங்கும். அருங்காட்சியகங்களில் உள்ள முந்நூறு ஆண்டுப் பழமையான சீட்டித் துணிகளில் பல இலைகள் நீலமாகத் தெரிவது இதனால்தான். வரைந்தவன் பச்சை இலைதான் வரைந்தான். காலம் மஞ்சளைத் தின்றுவிட்டது.

பூவுக்குத் தடை

லண்டனில் கடற்படை அலுவலராக இருந்த சாமுவேல் பீப்ஸ் தன் நாட்குறிப்பில் எல்லாவற்றையும் எழுதிவைப்பவர். 1663ஆம் ஆண்டு செப்டம்பரில் அவர் தம் மனைவியின் படிப்பறைச் சுவரை அலங்கரிக்க வண்ணம் தீட்டிய இந்தியத் துணி ஒன்றை வாங்கியதாகக் குறித்திருக்கிறார். சுவரில், கட்டிலைச் சுற்றி, மெத்தை விரிப்பில் என்று சீட்டி ஐரோப்பிய வீடுகளுக்குள் நுழைந்தது அந்தக் காலத்தில்தான். பிறகு உடையாகவும் ஆனது.

வாங்குபவர் சொன்னபடி பூவும் மாறியது. 1643ஆம் ஆண்டிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியார், சிவப்புப் பின்னணியில் வரும் விரிப்புகள் இங்கே விலைபோகவில்லை, வெள்ளைப் பின்னணியில் கிளையும் பூவுமாக அனுப்புங்கள் என்று இந்தியாவிலிருந்த தங்கள் ஆட்களுக்கு எழுதினார்கள். இன்று நாம் ‘இங்கிலீஷ்’ என்று நினைக்கும் அந்த வெள்ளைப் பின்னணி இப்படித்தான் பிறந்தது. கேட்டவன் லண்டனில், எழுதியவன் இந்தியாவில்.

துணி விற்ற வேகத்தில் உள்ளூர்க் கம்பளி, பட்டு நெசவாளர்கள் கலங்கினார்கள். பிரான்ஸ் 1686ஆம் ஆண்டு இந்தத் துணியை இறக்குமதி செய்வதற்கும், அதைப்போல் செய்வதற்கும் தடை போட்டது. அந்தத் தடை 1759ஆம் ஆண்டுவரை நீடித்தது. இங்கிலாந்து 1700ஆம் ஆண்டில் ஒரு சட்டமும் 1721ஆம் ஆண்டில் அதைவிடக் கடுமையான ஒரு சட்டமும் கொண்டுவந்தது. இரண்டாவது சட்டத்தின்படி அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்துவதும் குற்றம், வீட்டு அலங்காரத்துக்குப் பயன்படுத்துவதும் குற்றம். அதற்கு முன், 1719ஆம் ஆண்டில், லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளர்கள் தெருவில் சீட்டி உடுத்திப் போன பெண்களைத் துரத்தி, உடையைக் கிழித்தார்கள். அவர்கள் கோபத்தில் நியாயமில்லை என்று சொல்ல மாட்டேன். அடுப்பில் பூனை படுத்தால் எந்த ஊர் நெசவாளனுக்கும் வயிறு எரியும். இதே வயிற்றெரிச்சல் நூறு ஆண்டுகளில் திசை மாறி நம் பக்கம் வரப்போகிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

தடை இருந்தால் கடத்தல் இருக்கும். நாடக நடிகர் டேவிட் கேரிக்குக்கும் அவர் மனைவிக்கும் கல்கத்தாவிலிருந்து பரிசாக வந்த சோழமண்டலச் சீட்டிக் கட்டில் திரைகளை 1775ஆம் ஆண்டு சுங்க அதிகாரிகள் பிடித்துக்கொண்டார்கள். அந்தத் திரைகள் இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

தடைக் காலத்தில் இன்னொரு வேலையும் நடந்தது. இதை மருமகளிடம் சொன்னபோதுதான் அவள் ஸ்கோனைக் கீழே வைத்தாள்.

1730களில் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி பொலியே, புதுச்சேரியில் ஒரு சாயக்காரர் துணி எழுதுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தார். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் துணியில் ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கொண்டார். குறிப்புகளும் துண்டுகளும் பிரான்ஸ் போய்ச் சேர்ந்தன. இன்றும் பாரிஸில் இருக்கின்றன. 1742ஆம் ஆண்டு சேசு சபைப் பாதிரியார் கேர்தூ, சோழமண்டலக் கரையிலிருந்து எழுதிய நீண்ட கடிதத்தில் முழுச் செய்முறையையும் படிப்படியாக விவரித்தார். யாரிடம் கேட்டு எழுதினார்? அவரிடம் ஞானஸ்நானம் பெற்ற சாயத் தொழிலாளர்களிடம். சமஸ்கிருதத்துக்கும் லத்தீனுக்கும் உறவு இருக்கிறது என்று ஆரம்பத்திலேயே கவனித்தவர்களில் ஒருவர் இவர். சாதாரண ஒற்றர் அல்லர், உண்மையான அறிஞர். ஆனால், கடிதம் அச்சாகி ஐரோப்பா முழுவதும் படிக்கப்பட்டது. சொல்லிக்கொடுத்தவர்களின் பெயர் ஒன்றுகூட அதனால் புகழ்பெறவில்லை.

அதன்பிறகு நடந்தது இயந்திரத்தின் கதை. 1760ஆம் ஆண்டு பாரிஸுக்கு அருகே ஜூயி என்ற ஊரில் ஓபர்காம்ஃப் தம் அச்சுத் துணித் தொழிற்சாலையைத் தொடங்கினார். 1774ஆம் ஆண்டு இங்கிலாந்து தன் நாட்டில் நெய்து அச்சிட்ட பருத்தித் துணிக்கு மட்டும் தடையை நீக்கியது. 1783ஆம் ஆண்டு தாமஸ் பெல் உருளை அச்சுக்குக் காப்புரிமை பெற்றார். பூவைச் செதுக்கிய செப்பு உருளை சுழலச் சுழல, கைவேலைக்காரர்கள் நாட்கணக்கில் செய்ததை இயந்திரம் நிமிடங்களில் அச்சடித்துத் தள்ளியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் லங்காஷயர் ஆலைத் துணி இந்தியச் சந்தையிலேயே குவிந்தது. சோழமண்டலத்துச் சீட்டிக்காரர்களின் கொப்பரைகள் ஒவ்வொன்றாக ஆறின.

மலைக்கு ஏறிய பூ

1885ஆம் ஆண்டு நில அளவையாளர் வில்லியம் கேமரன் இந்த மலைப்பகுதியைப் பற்றிக் குறிப்பு எழுதினார். 1929ஆம் ஆண்டு ஜே.ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். செங்குத்தான சரிவுகளில் காட்டை அழித்துத் தேயிலை நட்டவர்களில் தமிழ்த் தொழிலாளர்கள் பெரும்பகுதியினர். சரிவின் மேலே துரை பங்களா, கீழே லயம். மலேசியத் தோட்டப்புறத்தில் வளர்ந்த யாருக்கும் இந்தப் படம் புதிதல்ல.

சமவெளியின் ரப்பர் தோட்ட பங்களாக்களுக்குப் பிரம்பு நாற்காலிதான் சரி. மெத்தை வைத்த நாற்காலி வியர்வையில் நாறும், பூஞ்சணம் பிடிக்கும். மலையில் அப்படியில்லை. இரவில் கணப்பு மூட்டும் அளவுக்குக் குளிர். ஆகவே மெத்தை நாற்காலியும் அதற்குக் கழற்றித் துவைக்கக்கூடிய சீட்டி உறையும் இங்கே பொருந்தின. பளபளப்பு ஏற்றிய சீட்டியில் தூசு எளிதில் ஒட்டாது என்பது இன்னொரு வசதி. சோழமண்டலத்தில் கஞ்சி போட்டுச் சங்கால் தேய்த்து ஏற்றிய அதே பளபளப்பு.

இதைச் சொன்னதும் மருமகள், “அப்படியென்றால் அந்தத் துணியைத் துவைத்து மடித்து வைத்தது யார்?” என்று கேட்டாள். பங்களாவில் வேலை செய்த ஆயாவும் தோட்டக்காரரும் சமையல்காரரும் யார் என்று அவளுக்கே தெரியும். அவளுடைய பாட்டி, அதாவது என் அம்மா, இதே மலையில் ஒரு லயத்தில் பிறந்தவர்.

அன்று மாலை அம்மாவுக்குத் தொலைபேசியில் அழைத்தோம். லயத்து வீட்டில் என்ன அலங்காரம் இருந்தது என்று பேத்தி கேட்டாள். அம்மா சிரித்தார். “அலங்காரமா? தீபாவளிக்கு லங்சீர் மாத்துவோம். அதான் அலங்காரம்.” ஆளுக்கு எத்தனை கெஜம் என்று கணக்குப் பார்த்துப் பூத்துணி வாங்கி, இரண்டு அறைக்கு நடுவே ஸ்பிரிங் கம்பியில் மாட்டுவார்களாம். மீந்த துணியில் தலையணை உறை. அதற்கும் மீந்தால் தங்கைக்குச் சட்டை. “சிவப்புப் பூதான் வாங்குவோம். அழுக்கு தெரியாது பாரு. எங்கம்மா அத சீட்டின்னுவாங்க.”

மேலே பங்களாவிலும் பூ, கீழே லயத்திலும் பூ. விலையும் தரமும்தான் வேறு. இரண்டு இடத்திலும் யாருக்கும் அது எந்தக் கரையிலிருந்து புறப்பட்டது என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

இந்த இடத்தில் மருமகளுக்கு ஆவேசம் வந்துவிட்டது. ‘சின்ட்ஸ் தமிழரின் கண்டுபிடிப்பு’ என்று தலைப்பை மாற்றப் போனாள். வேண்டாம் என்றேன். மிக நேர்த்தியான சீட்டிகள் மசூலிப்பட்டினம் பக்கம், தெலுங்குக் கரையில் எழுதப்பட்டவை. குஜராத்திலும் இந்தத் தொழில் பெரிதாக இருந்தது. அந்தப் பூக்களை உற்றுப் பார்த்தால் பாரசீகத் தோட்டத்தின் சாயல் தெரியும், சீனப் பீங்கானின் பாறையும் மூங்கிலும் தெரியும், லண்டனிலிருந்து வந்த மாதிரி ஓவியமும் தெரியும். ஒரே கொடியில் பத்து வகைப் பூ பூக்கும். அந்தக் கொடி உலகில் எந்தத் தோட்டத்திலும் கிடையாது. ஒருவர் பெயரை அழித்துவிட்டு இன்னொருவர் பெயரை எழுதுவது ஆய்வு ஆகாது. ஆனால், இந்தியக் கரையின் கை இல்லாமல் அந்த நாற்காலியில் பூ இல்லை என்பதை எழுதலாம், தைரியமாக எழுதலாம்.

கேமரன் மலைக்கும் துணிக்கும் இன்னொரு தொடர்பு உண்டு, சோகமானது. தாய்லாந்துப் பட்டை உலகச் சந்தைக்குக் கொண்டுபோன அமெரிக்கர் ஜிம் தாம்சன், 1967ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் தேதி, தானா ராத்தா அருகே தாம் தங்கியிருந்த மூன்லைட் பங்களாவிலிருந்து நடந்து போனவர் திரும்பவில்லை. நூற்றுக்கணக்கானவர்கள் காட்டைச் சல்லடை போட்டுத் தேடியும் தடயமே கிடைக்கவில்லை. அவர் மறைந்த மர்மத்தைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். எனக்கு அவர் தொழில் நடத்திய விதம்தான் சுவையாகத் தெரிகிறது. பாங்காக்கில் கால்வாய்க்கு அக்கரையில் இருந்த பான் குருவா நெசவாளர்களைத் தறியிலிருந்து எழுப்பாமல், அவர்கள் வீட்டிலேயே நெய்யவைத்து, அந்த வேலைக்கு நல்ல விலை கிடைக்கச் செய்தார். செய்முறையை எழுதி எடுத்துக்கொண்டு கப்பலேறுவது ஒரு வழி. இது வேறு வழி.

வடிவமைப்பு படிப்போருக்கு

அடுத்த நாள் மருமகள் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு திரைச்சீலைகளை அளந்தாள். ஒரு பூ மறுபடி அதே இடத்துக்கு வர எத்தனை சென்டிமீட்டர் ஆகிறது என்பதுதான் கணக்கு. உருளை அச்சில் இந்த இடைவெளி உருளையின் சுற்றளவைத் தாண்ட முடியாது. கையால் எழுதிய பழைய சீட்டியில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஒரு மரம் கட்டில் திரை முழுக்க வளர்ந்து நிற்கும். பெரிய இடைவெளியில் திரும்பும் பூவை நீளமான திரைக்கு வைத்தால் எடுப்பாக இருக்கும், சிறிய மெத்தையில் வைத்தால் பாதிப் பூதான் தெரியும். இரண்டு அகலத் துணியை ஒட்டும்போது பூவோடு பூ பொருந்த வேண்டும். அதற்குத் துணி வீணாகும். செலவுக் கணக்கில் இதை மறந்தால் வாடிக்கையாளரிடம் திட்டு விழும்.

என் சொந்தக் கருத்து, சோபா, திரை, சுவர்த்தாள், மேசை விரிப்பு என எல்லாவற்றிலும் பூவைப் போட்டால் அறைக்கு மூச்சுமுட்டும். 1996ஆம் ஆண்டு ஐகியா நிறுவனம் பிரிட்டனில் உங்கள் சின்ட்ஸைத் தூக்கி வீசுங்கள் என்று விளம்பரம் செய்ததற்கும் அதுதான் காரணமாக இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் ‘சின்ட்ஸி’ என்றால் மலிவானது, ரசனை கெட்டது என்ற பொருள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. உருளை அச்சு பூவை எல்லார் வீட்டுக்கும் கொண்டுபோன பிறகு, பணக்காரர்களுக்கு அது அலுத்துவிட்டது. மன்னர்கள் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியிருந்த துணிக்கு இந்த கதி.

கையால் எழுதும் கலை செத்துவிடவில்லை. ஆந்திரத்தின் காளஹஸ்தியில் 1950களில் கமலாதேவி சட்டோபாத்யாயின் முயற்சியால் அதற்கு மறுவாழ்வு கிடைத்தது. தமிழ்நாட்டில் கருப்பூர் கலம்காரி ஓவியங்களுக்கு 2021ஆம் ஆண்டு புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. கோயில் திரைச்சீலைகளும் தொம்பைகளும் எழுதிவந்த குடும்பங்கள் அங்கே இன்னும் மூங்கில் குச்சியைப் பிடிக்கின்றன.

திரும்பி வரும் வழியில் சுங்கை பாலாஸில் ஒரு பொட்டலம் தேயிலை வாங்கினோம். தேயிலை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். புதுச் சீட்டித் துணி பழையதுபோல் தோன்ற அதைத் தேநீரில் முக்கி எடுப்பது ஆங்கில உள் அலங்காரக்காரர்களிடம் இருந்த பழக்கம். தேயிலையிலும் கடுக்காயில் இருப்பதுபோன்ற துவர்ப்புப் பொருள் இருக்கிறது. வீட்டில் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் போட்டு, இறுக மூடாமல், ஒரு வாரம் வையுங்கள். வெள்ளைப் பருத்தித் துணியைக் கடுந்தேநீரில் ஊறவைத்துக் காயவிடுங்கள். பிறகு ஆணி நீரைக் குச்சியால் தொட்டு அந்தத் துணியில் கோடு போடுங்கள். நீர் வெளிறித்தான் இருக்கும். கோடு துணியில் கறுத்து வரும்.

மருமகள் செய்தாள். மூன்று முறை கெடுத்து, நான்காவது முறை ஒரு கொடியும் ஐந்தாறு பூவும் எழுதினாள். கோடுகள் சில இடத்தில் வழிந்திருந்தன. எருமைப் பால் இல்லாத குறை. அந்தத் துணியைத்தான் இடுபணியின் முதல் பக்கத்தில் ஒட்டினாள். முதல் வரியையும் மாற்றியிருந்தாள்: ‘கேமரன் மலையில் இங்கிலாந்துப் பாணி என்று அழைக்கப்படும் பூத்துணி, சோழமண்டலக் கரையிலிருந்து லண்டன் வழியாக இங்கே வந்தது.’

ஒப்படைப்பதற்கு முன் அதைப் பாட்டியிடம் காட்டினாள். அம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“இது என்ன பூடி?”

“எந்தப் பூவும் இல்ல பாட்டி. சும்மா ஒரு பூ.”

“நல்லாத்தான் இருக்கு. வாசலுக்குப் போட மூணு கெஜம் எழுதித் தர்றியா, தீபாவளிக்குள்ள?”